படம் கையிலேயே இருக்கும்போது பொருளை நேரில் எதற்குப் பார்க்க வேண்டும்?

கெடா மாநிலத்தின் புக்கிட் சோராஸ் குன்றில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு கண்டெடுத்த சுதைப் புத்தர் சிலை 2024இல் செய்தியானது. அந்தச் சிலையைப் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கைப்பேசித் திரையில்தான் பார்த்திருப்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடாரம் (கெடாவின் பழம்பெயர்), சோழர், பூஜாங் பள்ளத்தாக்கு என்ற சொற்களோடு புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்து விழும் படங்கள் எல்லாமே அப்படிப்பட்டவை அல்ல. சில, உண்மையான தொல்பொருளின் படங்கள். சில, வேறு ஏதோ நாட்டுச் சிலையின் படங்கள். இன்னும் சில, யாருமே செய்யாத சிலையைக் கணினி வரைந்து கொடுத்தவை. மூன்றும் ஒரே அளவில், ஒரே பளபளப்பில் வருகின்றன.

இதனால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எதை நம்புவது? படமே இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து அருங்காட்சியகத்துக்குப் போவானேன்? இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். அதனால் அடிப்படையிலிருந்து தொடங்கலாம்.

## எது அருங்காட்சியகம்?

அனைத்துலக அருங்காட்சியக மன்றம் 2022 ஆகஸ்ட்டில் பிராக் நகரில் கூடி ஒரு புதிய விளக்கத்தை ஏற்றது. சுருக்கமாக: இலாப நோக்கமில்லாத, நிலையான நிறுவனம், மரபுச் செல்வத்தை ஆராய்கிறது, சேகரிக்கிறது, பாதுகாக்கிறது, விளக்குகிறது, காட்சிக்கு வைக்கிறது. காட்சி என்பது அந்த வேலைகளில் ஒன்று மட்டும்தான்.

ஜார்ஜ்டவுன் தெருக்களில் நடந்தால் 'மியூசியம்' என்ற பெயர்ப்பலகைகள் நிறையத் தென்படும். அவற்றில் பல, சுவரோவியத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பொழுதுபோக்கு இடங்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், போகட்டும். ஆனால் அது வேறு, இது வேறு. பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: கதவைச் சாத்திய பிறகு இரவெல்லாம் காவல் காக்க வேண்டிய பழம்பொருள் உள்ளே ஏதாவது இருக்கிறதா?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அந்தக் காலத்து மக்கள் 'செத்த காலேஜ்' என்றார்கள். விலங்குக் காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. அழகான பெயர்கள்தான். ஆனால் பத்திரமாக வைத்த பொருள் செத்துப்போவதில்லை. 1991இல் பேராக், லெங்கோங் பகுதியின் குவா குனோங் ருந்தோ குகையில் கிடைத்த எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'பேராக் மனிதன்' என்று அழைக்கப்படும் அவர் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். எலும்புகளை ஆராய்ந்தபோது, அவருடைய இடது கையில் பிறவியிலேயே குறை இருந்தது தெரியவந்தது. அப்படிப்பட்டவர் காட்டில் நடுவயதுவரை வாழ்ந்திருக்கிறார். இறந்தபோது மரியாதையோடு புதைக்கப்பட்டிருக்கிறார். எலும்பைக் கையில் வைத்துச் சோதித்ததால்தான் அந்தக் குறை தெரிந்தது, அவரைச் சுற்றியிருந்தவர்களைப் பற்றியும் யோசிக்க முடிந்தது.

## தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று சொற்கள்

1. மூலப்பொருள்: அந்தக் காலத்தில் செய்யப்பட்ட, இன்றுவரை தப்பிப் பிழைத்த அதே பொருள்.

2. நகல்: மூலத்தைப் பார்த்துப் பின்னாளில் செய்தது. நம் நாட்டு அருங்காட்சியகங்களில் விளக்க அட்டையில் 'ரெப்ளிகா' என்று மலாயில் எழுதியிருப்பார்கள். நகல் வைப்பது ஏமாற்று வேலை அல்ல. மூலம் வேறு ஊரில் இருக்கலாம், வெளிச்சத்தைத் தாங்காததாக இருக்கலாம். ஆனால் எதன் முன் நிற்கிறோம் என்று தெரிந்துதான் நிற்க வேண்டும். அட்டையில் முதலில் தேட வேண்டிய சொல் இதுதான்.

3. கிடைத்த சூழல்: எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரம். இது தொலைந்துவிட்டால், எவ்வளவு அழகான பொருளும் பாதி ஊமையாகிவிடும்.

மூன்றாவது சொல்லுக்குப் பினாங்கு மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதில் ஒரு தூபி செதுக்கப்பட்டிருக்கிறது; அடுக்கடுக்கான குடைகளும் உண்டு. ஓரத்தில் சமஸ்கிருதத்தில் எழுத்து. மகாநாவிகன் புத்தகுப்தன், அதாவது பெருங்கடலோடி புத்தகுப்தன், இரக்தமிருத்திகை என்ற ஊரைச் சேர்ந்தவன் என்று அது சொல்கிறது. அந்த ஊர் வங்காளத்தில் இருந்தது என்பது ஆய்வாளர்களின் கருத்து. காலம் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு. எழுத்தோ தென்னாட்டு வகை.

இந்தக் கல் யாருடையது? மொழி சமஸ்கிருதம், சமயம் பௌத்தம், ஆள் வங்காளத்தான், எழுத்து தெற்கத்தியது, கிடைத்தது நம் பினாங்கில். "எல்லாம் சோழன் கட்டியது" என்று ஒரே வரியில் முடிக்க நினைப்பவருக்கு இந்தக் கல் இடம் கொடுக்காது. சோழப் பேரரசு எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியது அது. இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் கொல்கத்தாவில் உள்ள இந்திய அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

## படம் சொல்லாமல் விடுவது என்ன?

அளவு. திரையில் எல்லாமே உள்ளங்கை அகலம்தான். 1936இல் பேராக், பீடோரில் ஈயச் சுரங்கத்தில் கிடைத்த எட்டுக்கை அவலோகிதேசுவரர் (பௌத்தர் வணங்கும் போதிசத்துவர்) வெண்கலச் சிலை நம் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. அதன் படத்தை மட்டும் பார்த்தவர்கள் ஆளுயரச் சிலை என்றே நினைப்பார்கள். உயரம் 79 சென்டிமீட்டர். நடக்கப் பழகும் குழந்தையின் உயரம். இது தெரிந்ததும் கேள்விகள் மாறுகின்றன. இவ்வளவு சிறிய சிலை என்றால் கப்பலில் கொண்டுவந்திருக்க முடியுமா? இங்கேயே வார்த்ததா? ஈயம் எடுக்க வந்தவர்கள் கும்பிட்டதா? படம் பார்த்தவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றவே வாய்ப்பில்லை.

தேய்மானம். பயன்படுத்திய பொருளில் கை பட்ட இடம் தனியாகத் தெரியும். வாளின் பிடி, அம்மிக்கல்லின் நடுக்குழி, நாணயத்தின் விளிம்பு. படம் எடுப்பவர் பெரும்பாலும் முகப்பை மட்டும், நல்ல வெளிச்சத்தில், தேய்மானம் தெரியாதபடிதான் எடுப்பார். சிலையின் முதுகுப்புறத்தை யாரும் பகிர்வதில்லை. அதைச் செய்த கொல்லரின் கைவேலை அங்கேயும்தான் தெரியும்.

கனம். கண்ணாடிக்கு வெளியே நிற்பவர் தூக்கிப் பார்க்க முடியாதுதான். ஆனாலும் கண்ணே கனத்தை ஓரளவு எடை போடும். ஆனைமங்கலச் செப்பேடுகளை எடுத்துக்கொள்வோம். நெடுங்காலம் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இருந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றும் பெயர். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி என்ற பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஓர் ஊரைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. பெரிய செப்பேட்டில் 21 ஏடுகள், மொத்தம் ஏறத்தாழ 30 கிலோ. அத்தனையும் அரச முத்திரை பதித்த ஒரு தடித்த வளையத்தில் கோக்கப்பட்டவை. வாசகத்தை நூலில் படித்தவருக்கு அது மன்னர் புகழ் பாடும் கவிதையாகத் தோன்றலாம். வளையத்தைப் பார்த்தவருக்கு வேறொன்று புரியும்: அந்த முத்திரையை உடைக்காமல் நடுவில் ஓர் ஏட்டைச் செருகவும் முடியாது, உருவவும் முடியாது. அது ஒரு நிலப்பத்திரம், போலி செய்ய முடியாதபடி கட்டியது. அதே இராசராசனின் மகன் இராசேந்திரன் 1025 வாக்கில் அதே கடாரத்தின்மீது கப்பற்படை அனுப்பினான் என்பதையும் சேர்த்து யோசித்தால், புலனத்தில் வரும் வீரக் கதையைவிட உண்மை எவ்வளவு சிக்கலானது, எவ்வளவு சுவையானது என்று தெரியும்.

எதிர்பார்ப்பு உடைவது. இதுவும் ஒரு பலன்தான், பெரிய பலன். தஞ்சைப் பெரிய கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு கெடா, மெர்போக்கில் உள்ள சண்டி புக்கிட் பத்து பஹாட்டுக்குப் ('சண்டி' என்றால் பழங்கோயில்) போகிறவர் முதலில் ஏமாந்துபோவார். அங்கே நிற்பது கோபுரம் அல்ல, கருங்கல் அடித்தளம். 1960 வாக்கில் கற்களைத் திரும்ப அடுக்கி நிறுத்திய அமைப்பு அது. மேலே இருந்த மரத்தூண்களும் கூரையும் நம் மழையில் எப்போதோ மக்கிப் போய்விட்டன. தூண் நின்ற இடங்கள் மட்டும் கல்லில் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் ஓடை. அங்கே பத்து நிமிடம் நின்றால், தமிழகக் கோயிலைப் பெயர்த்து வந்து இங்கே வைக்கவில்லை, இந்த ஊர் மரத்தையும் மழையையும் அறிந்தவர்கள் தங்களுக்கேற்றபடி கட்டியிருக்கிறார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

## ஆய்வுகள் எதுவரை சொல்கின்றன?

இது வெறும் உணர்ச்சி சார்ந்த விஷயம்தானா, அளந்து பார்க்க முடியுமா? சிலர் அளந்திருக்கிறார்கள்.

1. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகம் திறந்தபோது, இடத்துக்கு மிஞ்சிப் பள்ளிகள் விண்ணப்பித்தன. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் போன மாணவர்களையும் இன்னும் போகாத மாணவர்களையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. 123 பள்ளிகள், ஏறத்தாழ 11,000 மாணவர்கள். அரை நாள் சுற்றுலா ஒன்றே ஒன்றுதான். சில வாரங்கள் கழித்து முன்பின் பார்க்காத ஓவியத்தைக் கொடுத்து எழுதச் சொன்னபோது, போய்வந்தவர்கள் கூடுதலாகக் கவனித்து, காரணத்தோடு எழுதினார்கள். கிராமப்புற, வறுமைப்பட்ட பள்ளிகளின் மாணவர்களிடம் இந்தப் பலன் இரண்டு, மூன்று மடங்கு கூடுதல். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

2. உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் சொன்னார்கள். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. கைப்பேசி பார்த்துக்கொள்ளும் என்று மனம் விட்டுவிடுகிறது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. ஆகப் படம் எடுப்பதல்ல, பார்க்காமல் படம் எடுப்பதுதான் பிரச்சினை.

3. இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 6,710 பேரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வந்தது. சில மாதங்களுக்கு ஒரு முறையாவது அருங்காட்சியகம், ஓவியக்கூடம், நாடகம், இசைநிகழ்ச்சி என்று போனவர்களுக்கு அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு 31 விழுக்காடு குறைவாக இருந்தது. இதைக் கவனமாகக் கையாள வேண்டும். உடல்நலமும் வசதியும் உள்ளவர்கள்தானே இப்படிப் போவார்கள்? ஆய்வாளர்கள் அவற்றைக் கணக்கில் எடுத்தார்கள் என்றாலும், இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. மருந்துக்குப் பதில் மியூசியம் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது.

## மலேசியத் தமிழருக்கு இதில் என்ன தனி அக்கறை?

நம் வரலாறு நம்மிடம் இரண்டு வடிவத்தில் வந்து சேர்கிறது. ஒன்று, மன்னர்களின் வெற்றிக் கதை. இன்னொன்று, தோட்டத்தின் துயரக் கதை. இரண்டுக்கும் நடுவே, இந்தக் கடலோரங்களில் பிழைப்புக்கு வந்து உழைத்த சாதாரண மனிதர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். அவர்களைத் திரும்பப் பார்க்க வழி பொருள்கள்தான், ஏனென்றால் அவர்கள் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை.

தாய்லாந்தின் கிராபி பகுதியில், குளோங் தோமில், ஒரு சிறிய உரைகல் கிடைத்தது. தங்கத்தை உரசித் தரம் பார்க்கும் கல்; உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. பெரும்பத்தன் என்ற பொற்கொல்லனின் கல் என்று படிக்கிறார்கள். கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. பட்டறையில் நாலு பேர் கல்லும் கலந்துவிடும் என்று பெயர் வெட்டிக்கொண்டானோ என்னவோ. படையோடு வந்தவன் அல்லன், தொழிலோடு வந்தவன். வாட் குளோங் தோம் கோயில் அருங்காட்சியகத்தில் வைத்த அந்தக் கல், பினாங்கிலிருந்து சாலை வழியே போய்ச் சேரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது.

அங்கிருந்து ஒரே தாவலாக நம் தாத்தா பாட்டி காலத்துக்கு வந்தால், அதே வகைப் பொருள்கள் இங்கேயும் உண்டு. பால்மரம் வெட்டிய உளி. பால் சேர்ந்த மங்கு. தோளில் காண்டா போட்டுச் சுமந்த வாளி. ரஜூலா கப்பலில் வந்திறங்கிய தகரப் பெட்டி. ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு. சயாம் மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாதவரின் ஒரே ஒரு படம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் செத்தவர்களில் தமிழர்கள் எத்தனை ஆயிரம் என்று சொல்லும்போது கேட்பவர் தலையாட்டுவார். அந்த ஒரு படத்தைக் கையில் கொடுத்தால் பேச்சு நின்றுவிடும்.

அருங்காட்சியகத்தில் நேரம் செலவழித்துப் பழகிய கண்ணுக்கு மட்டும்தான் வீட்டுப் பரண்மேல் கிடக்கும் பெட்டி வரலாறாகத் தெரியும். மற்றவர் கண்ணுக்கு அது பழைய இரும்புக்காரருக்குப் போடவேண்டிய சாமான். நேரில் பார்ப்பதன் சொந்தப் பயன் எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பொருள் போனால் போனதுதான். இன்றைய தேசிய அருங்காட்சியகம் 1963 ஆகஸ்ட் 31 அன்று திறக்கப்பட்டது. அதே இடத்தில் அதற்குமுன் சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945 மார்ச் 10 அன்று நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அது சிதைந்தது. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழைய சண்டி மேம்பாட்டுப் பணிக்காக இடிக்கப்பட்டபோது எழுந்த சினம் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முன் அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

## சரி, போனால் எப்படிப் பார்ப்பது?

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு வழி மிகச் சுலபம். பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுவிட்டு, கேஎல் சென்ட்ரலிலிருந்து மூடிய நடைபாதை வழியாக மூசியம் நெகாரா எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்தால், வெளியே வந்ததும் அருங்காட்சியகம்தான்.

1. எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். கண்ணும் காலும் சோர்ந்து எதுவும் ஏறாமல் போவதற்கு 'அருங்காட்சியகச் சோர்வு' என்று 1916லேயே பெயர் வைத்துவிட்டார்கள். ஐந்து பொருள் போதும்.

2. ஒரு பொருளுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். நியூயார்க்கின் பெருநகர அருங்காட்சியகத்தில் அளந்தபோது, ஓர் ஓவியத்தின் முன் பாதிப் பேர் 17 விநாடிகூட நிற்கவில்லை என்று தெரிந்தது. முதல் நிமிடத்தில் பொருளின் பெயர்தான் தெரியும். மூன்றாவது நிமிடத்தில்தான் கீறலும் ஒட்டுப்போட்ட இடமும் கண்ணில் படும்.

3. அட்டையைக் கடைசியில் படியுங்கள். முதலில் எதனால் செய்தது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எது உடைந்து போயிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். பிள்ளைகள் கூட வந்தால் அவர்கள் சொல்லட்டும். பெரும்பாலும் நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. இருட்டாக இருக்கிறதே என்று குறைப்படாதீர்கள். துணி, காகிதம், ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் வழக்கமான வரம்பு. வெளிச்சத்தால் போன சாயம் திரும்பாது. இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும்.

5. வீட்டுக்கு வந்து, உங்கள் வீட்டின் பழைய பொருள் ஒன்றுக்கு ஓர் அட்டை எழுதுங்கள். என்ன பொருள், யாருடையது, எங்கே பயன்பட்டது, யார் சொல்லக் கேட்டது, எந்தத் தேதியில் எழுதியது. பாட்டி உயிரோடு இருக்கும்போதே எழுத வேண்டிய அட்டை அது.

பினாங்குக்காரர்கள் தொடங்குவதற்குக் கட்டடம்கூடத் தேவையில்லை. ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் போகின்றன. அந்தத் தேவாலய வளாகத்திலேயே செரோக் தோக்குன் பாறை இருக்கிறது. 1845இல் ஜேம்ஸ் லோ கவனத்துக்கு வந்த அந்தப் பாறையில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய தென்னிந்திய வகை எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. நேரே பார்த்தால் எழுத்து இருப்பதே தெரியாமல் போகலாம். தொடாமல், கைப்பேசியின் விளக்கைப் போட்டுப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழும். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.